மூன்றாம் நாள் பக்கம்

துளசிக்கு வேலை பிரிஞ்சாங் என்ற மலையூரில், ஒரு காய்கறி மொத்தக்கடையின் மாடியில். கீழே காலையிலிருந்து கோஸ் மூட்டைகள் ஏறி இறங்கும். மேலே நான்கு பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மலையில் இருக்கும் ஹோட்டல்களுக்கும் ஸ்ட்ராபெரித் தோட்டங்களுக்கும் பூப்பண்ணைகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்பார்கள். பதினோரு வருஷமாக அவள் அங்கே இருக்கிறாள். முதலாளி திருச்செல்வத்திடம் யார் என்ன கேட்டாலும் "துளசியக் கேளுங்க" என்பார். அப்படிச் சொல்லியே அவர் எதையும் கற்றுக்கொள்ளாமல் காலத்தை ஓட்டிவிட்டார்.

அவள் பொறுப்பில் நாற்பத்தாறு தளங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் முதலிலிருந்து எழுதினால் ஆள் பிழைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு மூலப் பக்கம் உண்டு. ஆபீசில் அதை பேஸ் என்பார்கள். தலைப்பு, படம், அடியில் முகவரி எல்லாம் அதில் ஒரு தடவைதான் எழுதப்படும். நடுவில் அங்கங்கே பெயர் வைத்த பெட்டிகள் இருக்கும், அவை பிளாக்குகள். மற்ற பக்கங்கள் எல்லாம் முதல் வரியில் 'நான் இந்த பேஸிலிருந்து வருகிறேன்' என்று சொல்லிவிட்டு, தனக்கு வேறு மாதிரி வேண்டிய பெட்டியை மட்டும் திருப்பி எழுதிக்கொள்ளும். பேஸில் உள்ளதை வைத்துக்கொண்டே மேலே ஒரு வரி சேர்ப்பதற்கும் வழி இருக்கிறது. எந்தப் பெட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையோ, அந்தப் பெட்டியில் பேஸில் இருப்பதே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் துளசி முதல் நாளே சொல்லிவிடுவாள்: பேஸில் யாருடைய பெயரையும் வைக்காதே. ஒரு தடவை ஒரு ஹோட்டலின் போன் நம்பர் எதிரி ஹோட்டலின் பக்கத்தில் வந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாடிப்படி ஏறி வந்தார்கள். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் அவள் கண்டிப்பு. அவள் சொந்தமாகச் செய்த ஒரே ஒரு தளத்தைத் தவிர.

அந்தத் தளத்துக்கு வருவதற்கு முன் வீட்டைச் சொல்லிவிட வேண்டும். தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயங்களில் இரண்டாவதில் கடைசி வீடு. அதில் இப்போது இருப்பது துளசியும் அவள் மாமியார் செல்லமும். எட்டு மாதத்துக்கு முன் மூன்று பேர் இருந்தார்கள். கொழுந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்த சுகுமாரன், ஜூலை மாதம் ஒரு காலை வேலைக்குக் கிளம்பி, வாசலில் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பக் குனிந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். நாற்பத்தொரு வயது. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோதே எல்லாம் முடிந்திருந்தது. கோலாலம்பூரிலிருந்து வந்த அவன் தம்பி ஹரிதாஸ் போனை எடுத்து ஒவ்வொருவருக்காகச் செய்தி சொன்னான். துளசிக்கு ஒருவரிடமும் சொல்ல வேண்டி வரவில்லை. அவள் வாய் திறப்பதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பதினேழாம் நாள் வேலைக்குப் போனாள். இரும்பு மனசு என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். இப்படிப் பேசுகிறவர்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. இரும்பும் இல்லை, மனசும் இல்லை. அந்த இடத்தில் அப்போது எதுவுமே இல்லை என்பதுதான் நிஜம். பல் விளக்கினாள், பஸ் பிடித்தாள், ஹோட்டல் அறைகளின் விலையை மாற்றினாள், வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் சோற்றுக்கு எப்போதும் போல மூன்று பால் டின் அரிசி அளந்து போட்டாள். மீந்தது மறுநாள் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போனது. எட்டு மாதத்தில் அந்தக் கோழிகள் நன்றாகக் கொழுத்துவிட்டன. செல்லம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி அந்தத் தளம். மேல் டிவிஷன் மாரியம்மன் கோயிலுக்குப் பங்குனியில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குடும்பம் உபயம். அந்த நாள் பூசை, அலங்காரம், அன்னதானம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நோட்டீசில் அவர்கள் பெயர் வரும். மூன்றாம் நாள் செல்லத்தின் குடும்பத்துக்கு. அவள் புருஷன் சின்னக்கருப்பன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கிய நாள் அது. செல்லம் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் சொல்வாள்: "வீடு கம்பெனி வீடு. செடி கம்பெனிச் செடி. மூணாம் நாளு மட்டுந்தான் நம்பளுது." கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன பேச்சு. ஆனால் பொய் இல்லை. அந்த மலையில் அந்தக் குடும்பத்துக்கென்று எழுதப்பட்டிருந்தது அந்த ஒரு நாள்தான்.

ஆறு வருஷத்துக்கு முன் கோயில் கமிட்டி கேட்டுக்கொண்டதால் துளசி திருவிழாவுக்கு ஒரு தளம் செய்தாள். ஒரு பேஸ், பத்து நாளுக்குப் பத்துப் பக்கம். பேஸில் உபயகாரர் பெட்டியைப் போட்டபோது, சரியாக விழுகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு பெயர் வேண்டியிருந்தது. பக்கத்தில் சுகுமாரன் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"எம்பேரப் போடு லா," என்றான். "பத்து நாளும் நம்ப உபயந்தான்."

'சுகுமாரன் - துளசி குடும்பத்தார்' என்று பேஸில் போட்டாள். பத்துப் பக்கத்திலும் அவர்கள் பெயர் வந்து நின்றதைப் பார்த்து அவன் கை தட்டிச் சிரித்தான். பிறகு ஒன்பது நாளுக்கும் அந்தந்தக் குடும்பத்தின் பெயரைப் பெட்டியில் திருப்பி எழுதினாள். மூன்றாம் நாளுக்கு எழுத எதுவுமில்லை. பேஸில் இருப்பதே சரியாக இருந்தது. அந்தப் பக்கத்தில் 'நான் பேஸிலிருந்து வருகிறேன்' என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது. ஆபீசில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் துளசி விட்டிருக்க மாட்டாள். அடுத்த வருஷம் சரி செய்யலாம் என்று ஆறு வருஷம் போய்விட்டது.

இந்த வருஷம் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால் கமிட்டித் தலைவர் இராமையா வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"துளசி, ஒரு வருசம் தீட்டு இருக்கில்ல. மூணாம் நாள இந்த வருசம் கமிட்டியே எடுத்து நடத்திரும். நாளு உங்களுதுதான். அடுத்த வருசம் நீங்களே செய்யலாம். நோட்டீசுல மட்டும் பேரு வேணாம்மா. வேற யாரு பேரும் வேணாம், காலியா விட்டுரு."

"சரி பெரியப்பா," என்றாள்.

தீட்டு வீட்டுக்காரர்கள் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. கோயிலின் இணையதளத்துக்குள் கை வைக்கலாமா என்று கமிட்டியில் யாரும் யோசிக்கவில்லை. வேறு ஆள் கிடைக்காத இடத்தில் சாஸ்திரம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

அன்று சாயங்காலமே துளசி லேப்டாப்பைத் திறந்தாள். மற்ற ஒன்பது நாளுக்கும் நேரம், அலங்காரம் எல்லாம் மாற்றினாள். மூன்றாம் நாள் பக்கத்தைத் திறந்தாள். ஒற்றை வரி. பெயர் இல்லை, பெட்டியும் இல்லை. காலியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தாள். மூடி வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

அவ்வளவுதான் நடந்தது. பதினோரு வருஷம் இதையே சோறாகத் தின்ற பெண், பக்கம் வெளியே எப்படி வந்து நிற்கிறது என்று ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை. பார்த்தாளா என்று கேட்க வேண்டியவன் கமிட்டிச் செயலாளர் புவனேஸ். அவனும் தளத்தில் இருந்ததை அப்படியே தானா ராத்தாவில் அச்சுக்கடைக்கு அனுப்பிவிட்டான். முந்நூறு நோட்டீஸ் வந்தது. லயம் லயமாகக் கொடுத்தாயிற்று, கம்போங் ராஜா ஊர் வரைக்கும் போயாயிற்று. பிறகுதான் யாரோ படித்தார்கள். 'மூன்றாம் நாள் உபயம்: சுகுமாரன் - துளசி குடும்பத்தார்.'

செல்லம் அந்த நோட்டீசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது துளசி வேலையிலிருந்து வந்தாள். செல்லத்துக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். அந்த ஒரு வரியைப் படிக்கக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

"எல்லாம் சொல்றாங்க, நீ கல்லு மாரி இருக்கன்னு," என்றாள். "எனக்கே தோணியிருக்கு. பொய் சொல்லுவானேன். இப்பத்தான் தெரியுது. எம்மவன் பேர விட்டுக் குடுக்கல பாரு."

மருமகளின் தோளைத் தொட்டு இரண்டு தடவை தட்டினாள். எட்டு மாதத்தில் செல்லம் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. துளசி நோட்டீசைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. அத்தை, இது தப்பாக வந்தது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தோள் தட்டிய இடம் சூடாக இருந்தது. அது கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று பேசாமல் நின்றாள்.

ஆனால் கமிட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. முன்பு ஒரு குடும்பம் சாவை மறைத்து உபயம் செய்து, அது தெரிந்து பெரிய சண்டையாகி, அதற்குப் பிறகு எழுதி வைத்த சட்டம். தீட்டு வீட்டுக்காரர்கள் தெரிந்தே பெயரைப் போட்டால் அந்த நாள் கமிட்டிக்குத் திரும்பிவிடும். திரும்பினால் வேறு குடும்பத்துக்குப் போகும். அதன் பிறகு கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம். தீட்டு வீட்டுக்காரர்கள் வர வேண்டும் என்பதால் கோயிலில் வைக்காமல், முன்பு வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போன பழைய ஆயாக்கொட்டகையில் வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில். துளசி லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு செல்லத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் வெப்சைட்டுல இருந்ததத்தான் குடுத்தேன்," என்று புவனேஸ் ஆரம்பத்திலேயே தன்னைக் காப்பாற்றிக்கொண்டான். "கம்போங் ராஜாவுல காய்கறி யாவாரி ஒருத்தரு மூணு வருசமா ஒரு நாளு வேணும்னு கேட்டுக்கிட்டு இருக்காரு. நாளைக்கி அவரு வந்து, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானேன்னு கேட்டா என்னா சொல்றது?"

இராமையா அவனைக் கையமர்த்திவிட்டுத் துளசியைப் பார்த்தார்.

"நான் வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனேன். நீயும் சரின்னு சொன்ன. வேணும்னு போட்டியாம்மா?"

அவள் வாய் திறப்பதற்குள் செல்லம் எழுந்துவிட்டாள்.

"ஆமா, வேணும்னுதான் போட்டா. அதுல என்னா குத்தம்? முப்பத்தெட்டு வருசமா எங்க நாளு. எம்மவன் பேரு ஒரு வருசம் இல்லாமப் போனா அதுக்கப்புறம் யாரு ஞாபகம் வச்சிருப்பா?"

செல்லம் ஆத்திரத்தில், தான் எதைக் காப்பாற்ற நினைத்தாளோ அதைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மாமியாரின் பக்கத்தில் நின்ற மருமகள் என்ற பேர் துளசிக்கு நிலைக்கும், மூன்றாம் நாள் போய்விடும். இல்லை என்றால் நாள் நிற்கும், தோளைத் தட்டிய கை போய்விடும்.

"இல்ல பெரியப்பா," என்றாள் துளசி. "வேணும்னு போடல. தப்பாப் போச்சு."

செல்லம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"தப்பு எப்டி ஆவும்?" என்றான் புவனேஸ். "யாராவது டைப் பண்ணாத்தான பேரு வரும்?"

துளசி லேப்டாப்பைத் திறந்து அவர்கள் பக்கம் திருப்பினாள். "இதான் மூணாம் நாளு பக்கம். பாருங்க, பேரு எதுவும் இல்ல."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒற்றை வரி. உண்மையிலேயே பெயர் இல்லை.

"பேரு இதுல இல்ல. பேஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல இருக்கு. ஆறு வருசத்துக்கு முன்னால போட்டது. இந்தப் பக்கம் ஒண்ணும் சொல்லாம இருந்தா, அங்க இருக்குறது தானா வந்துரும். நான் இதத் தொறந்து பாத்தேன். காலியாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன். காலியா விட்டாப் பத்தாது. இல்லன்னு எழுதணும். அப்பத்தான் இல்லாமப் போவும்."

புவனேஸுக்குப் புரியவில்லை. மற்றவர்கள் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். இராமையா மட்டும் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"தேயிலைச் செடி நெரை மாதிரி," என்றார். "கொழுந்து எடுக்க ஆளுக்கு ஒரு நெரை குடுத்திருப்போம். காலையில பெரட்டுல ஆளு எண்ணும்போது நான் மாத்திச் சொல்லலன்னா நேத்து எடுத்த நெரைதான் இன்னைக்கும். யாரும் கேக்கக்கூட மாட்டாங்க, நேரா போயி அங்கதான் நிப்பாங்க. அதானே?"

"அதேதான் பெரியப்பா."

"ஒரு தடவ லச்சுமின்னு ஒரு பொண்ணு கல்யாணமாயி ஈப்போ போயிருச்சி. அவ நெரைய யாருக்கும் மாத்திக் குடுக்க மறந்துட்டேன். ரெண்டு ரவுண்டு கொழுந்து முத்திப்போச்சி. தொரைகிட்ட நான் வாங்கின ஏச்சு எனக்குத்தான் தெரியும்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இது தப்புதான். வேணும்னு பண்ணது இல்ல. நாளு செல்லம் குடும்பத்துக்கே. நோட்டீசுல பேரு மேல பேப்பர் ஒட்டிருங்க. துளசி, நீ அத இங்கயே சரி பண்ணிரு. எல்லாரும் பாத்துக்கட்டும்."

துளசி மூன்றாம் நாள் பக்கத்தில், அந்த ஒற்றை வரிக்குக் கீழே உபயகாரர் பெட்டியைத் திறந்து ஒரு வரி எழுதினாள். அடுத்த வரியில் பெட்டியை மூடினாள். இரண்டுக்கும் நடுவில் எதுவும் எழுதவில்லை. எழுதுவதற்குப் பத்து நொடி கூட ஆகியிருக்காது. ஆனால் அதைச் சேமிக்கும் விசையை அழுத்த அவள் விரல் நேரம் எடுத்துக்கொண்டது. புவனேஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். யாரோ இருமினார்கள். அழுத்தினாள். பக்கத்தைப் புதுப்பித்தாள். மூன்றாம் நாள் உபயம் என்ற சொல் இருந்தது, அதன் பக்கத்தில் வெள்ளையாக இருந்தது.

"போச்சா?" என்றாள் செல்லம்.

"போச்சு அத்தை."

திரும்பும்போது இரண்டு பேரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் தார்ச் சாலையில் நடந்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. செல்லம் இரண்டடி முன்னால் போனாள். கோபத்தில் இருந்தால் அவள் எப்போதும் முன்னால்தான் நடப்பாள். முழங்கால் வலியெல்லாம் அப்போது எங்கோ போய்விடும்.

"அப்ப அவனுக்காகப் போடல நீ."

"இல்ல அத்தை."

"மறந்துட்ட."

"மறந்துட்டேன்."

லயத்துக்குத் திரும்பும் இடத்தில், சாலையோரச் சாக்கடை மேல் போட்ட சிமெண்டுப் பலகையில் செல்லம் நின்றாள்.

"அந்த ரெண்டு வரி எழுதுனியே. அடுத்த வருசம் அத எடுத்துட்டா பேரு தானா வந்துருமா?"

"வந்துரும்."

"பழையபடியே? அவன் பேரு?"

வரும் என்பதுதான் சரியான பதில். பேஸை அவள் தொடவில்லை. இரண்டு வரியை எடுத்தால் சுகுமாரனும் துளசியும் பழையபடி வந்து நிற்பார்கள். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் தெரியாது. துளசி வாயைத் திறந்தாள். உபயகாரர் பெயர் என்றால் வந்து நின்று சங்கல்பம் செய்துகொள்கிற ஆளின் பெயர். தீபாராதனைத் தட்டு யார் முன்னால் நீட்டப்படுமோ அந்த ஆளின் பெயர்.

"வரக் கூடாது அத்தை," என்றாள். "பேஸ்லயும் எடுக்கணும். அவரு... அவரு செத்துப் போயிட்டாரு அத்தை."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அந்தப் பலகையிலேயே உட்கார்ந்தாள். அடிவயிற்றிலிருந்து அழுகை கிளம்பி வந்தது. நன்றாக இல்லை அந்தச் சத்தம். எட்டு மாதம் தாமதமாக வந்தது எப்படி நன்றாக இருக்கும்.

செல்லம் அவளைத் தேற்றவில்லை. லேப்டாப் பை நனையாமல் எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வேலை முடிந்து போன இரண்டு வங்காளதேசத் தொழிலாளர்கள் பார்த்துவிட்டு ஒதுங்கி நடந்தார்கள்.

"தெரியும்," என்றாள் செல்லம் கடைசியில். "எல்லாரும் எங்கிட்ட வந்து சொன்னாங்க. நீதான் சொல்லல."

பிறகு கையை நீட்டினாள்.

"எந்திரி. பனியில உக்காராத. வீட்டுக்குப் போயி ரெண்டு டின்னு அரிசி போடு. மூணாவது டின்னு கோழிக்குப் போறதப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியல."